நகரப் பயணத்திற்கு ஏற்ற சிறு தோள்பை

சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்குச் சென்ற பாட்டிமார்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அதன் பின்வந்த காலத்தில் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் இயக்கத் தொண்டர்களும் ஜோல்னாப் பையைத் தோளில் மாட்டினர். முன்னதில் சில்லறையும் வெற்றிலையும் இருந்தன. பின்னதில் புத்தகமும் துண்டறிக்கையும் இருந்தன. பணம் பெரும்பாலும் சட்டைப் பையிலேயே இருந்தது. இன்று கடைகளில் ‘ஸ்லிங் பேக்’ என்னும் பெயரில் விற்கப்படும் சிறு தோள்பை அவ்விரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. கைப்பேசி, பற்று அட்டை, அடையாள அட்டை, வீட்டுச் சாவி ஆகிய நான்கும் அதற்குள் அடங்கிவிட்டபின், ஒருவரின் வங்கிக் கணக்கும் வீட்டுக் கதவும் ஒரு மெல்லிய வாரில் தொங்குகின்றன எனலாம். ஆகவே அதை அழகுப் பொருளாக மட்டும் கருதாமல், சற்று ஆராய்ந்து தேர்ந்தெடுப்பது நன்று.

இந்தியாவின் எல்லா நகரங்களுக்கும் பொருந்தும் பை இதுவே என்று ஒன்றைச் சுட்டுவது கடினம். எனினும் மும்பையில் ஓர் ஆண்டு தாக்குப்பிடிக்கும் பை ஏனைய நகரங்களிலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். அந்நகரின் புறநகர் ரயில்களில் காலை நேர நெரிசலைக் குறிக்க ரயில்வே வட்டாரத்தில் தனிச்சொல்லே உண்டு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் 14 முதல் 16 பேர் வரை நிற்கும் நிலையை அச்சொல் குறிக்கிறது. அத்தகைய பெட்டியில் முதுகுப் பையை முதுகில் சுமப்பவரை உடன் பயணிப்போர் சும்மா விடுவதில்லை. பையைக் கழற்றி மார்பில் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். முதுகில் இருக்கும் பை பிறருக்கு இடைஞ்சல் என்பது ஒரு காரணம். அதன் ஜிப்பை யார் திறந்தாலும் உரியவருக்குத் தெரியாது என்பது மற்றொன்று. சிறு தோள்பையின் தேவை இங்கிருந்துதான் தொடங்குகிறது. உடலின் முன்புறம், கைக்கு எட்டும் இடத்தில், ஒரு சாண் தடிமனுக்கும் குறைவாக அது இருத்தல் வேண்டும்.

அளவு

விளம்பரங்களில் பையின் கொள்ளளவை லிட்டரில் குறிப்பிடுகின்றனர். நீளம், உயரம், அகலம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 22 செ.மீ. நீளமும் 14 செ.மீ. உயரமும் 7 செ.மீ. தடிமனும் உள்ள பை 2 லிட்டருக்குச் சற்று மேற்பட்டது. 30 செ.மீ., 20 செ.மீ., 10 செ.மீ. என்னும் அளவுடையது 6 லிட்டர். முதலாவது கைப்பேசி, பணப்பை, சாவி, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றுக்குப் போதும். இரண்டாவதில் மடக்குக் குடையும் அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியும் கூடச் செல்லும். ஆயினும் அது ‘சிறு’ என்னும் சொல்லின் எல்லையைத் தொட்டுவிடும்.

லிட்டர் கணக்கைக் காட்டிலும், நாம் உள்ளே வைக்கப்போகும் பொருள்களின் அளவை அறிந்துகொள்வது பயன்தரும். பற்று அட்டை, ஓட்டுநர் உரிம அட்டை, பான் அட்டை ஆகியன உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே அளவில் அமைந்தவை: 85.6 மி.மீ. நீளமும் 54 மி.மீ. அகலமும். தற்போதைய 500 ரூபாய் நோட்டு 150 மி.மீ. நீளமும் 66 மி.மீ. அகலமும் உடையது, 100 ரூபாய் நோட்டு 142 மி.மீ. நீளமுடையது. கடவுச்சீட்டின் அளவு 125 மி.மீ.க்கு 88 மி.மீ. பெரிய திரையுள்ள கைப்பேசிகள் ஏறத்தாழ 16 செ.மீ. நீளமிருக்கும், உறை போட்டால் இன்னும் சற்றுக் கூடும். இவற்றுள் மிக நீண்டது கைப்பேசியே என்பதால், அதைப் படுக்கைவசத்தில் நுழைக்க இயலுமா என்று கடையிலேயே நுழைத்துப் பார்த்துவிட வேண்டும். அட்டைக் குறிப்பில் காணப்படும் அளவு பெரும்பாலும் வெளிப்புற அளவு. உட்புறம் அதனினும் குறையும். மூலைகள் வளைந்திருந்தால் ஜிப்பின் வாய் மேலும் குறுகும். பை விரிந்திருந்தும் வாய் குறுகியிருந்தால், கூட்டத்தில் நின்றுகொண்டு கைப்பேசியை எடுக்க முயலும்போது பணப்பை முதலில் வெளியே விழும்.

அறைகள் எத்தனை வேண்டும்? மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பது நம் கருத்து. எட்டுப் பத்து அறைகள் கொண்ட பைகள் கடையில் கண்ணைக் கவரும். ஆனால் பயணச்சீட்டுப் பரிசோதகர் எதிரே நிற்கும்போது எந்த அறையில் எதை வைத்தோம் என்பது நினைவுக்கு வராது. முதன்மை அறை ஒன்று, முன்புறச் சிற்றறை ஒன்று, உடலோடு ஒட்டும் பின்புறத்தில் ஜிப் வைத்த தட்டையான அறை ஒன்று என்றிருந்தால் போதும். மூன்றாவது அறை கட்டாயம் இருக்க வேண்டும். அட்டைகளும் நோட்டுகளும் அதற்குள்தான் போகவேண்டும். பையை உடலிலிருந்து விலக்காமல் அதை எவராலும் திறக்க முடியாது.

எடையும் வாரும்

சிறு பையில் என்ன எடை இருந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். கூட்டிப் பார்ப்போம். கைப்பேசி 200 கிராம், 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் தன் கம்பியோடு 250 கிராம், பணப்பை 100, சாவிக்கொத்து 60, கண்ணாடியும் கூடும் 100, குடை 300. மொத்தம் ஒரு கிலோவைத் தாண்டிவிட்டது. துணிப்பையாயின் பையின் எடை 300 கிராம் அளவில் நிற்கும். தடித்த தோலாயின் 600 கிராம் வரை போகலாம். அதனோடு அரை லிட்டர் தண்ணீரும் சேர்ந்தால், நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒரே தோளில் இரண்டு கிலோவுக்கு மேல் சுமக்கிறோம் என்றாகிறது. மாலையில் கழுத்தோரம் வலிப்பதற்கு முதுமையே காரணம் என்று முடிவு செய்வதற்கு முன்னர், பையை ஒருமுறை தராசில் வைத்துப் பார்க்கலாம்.

வாரின் அகலம் இங்கே பெரும் வேறுபாட்டை உண்டாக்குகிறது. 2 செ.மீ. வாரை 4 செ.மீ. வாராக மாற்றினால், அதே சுமை இருமடங்கு பரப்பில் பரவுகிறது. தோளை அழுத்தும் அழுத்தம் பாதியாகிறது. சங்கிலி வார் கொண்ட அழகுப் பைகளும் விரல் தடிமன் தோல்வார் கொண்டவையும் திருமண வரவேற்புக்குப் பொருந்தும். நாள்தோறும் ரயிலேறுவோர்க்குப் பொருந்தா. வாரைக் கூட்டிக் குறைக்க வசதி இருத்தல் வேண்டும். இடத்தோளிலும் வலத்தோளிலும் மாற்றி மாற்றி அணிய வசதியாக அது அமைந்திருத்தல் இன்னும் நல்லது. சில பைகளில் வார் ஒரு பக்கத்திற்கென்றே சாய்வாகத் தைக்கப்பட்டிருக்கும். இடக்கைப் பழக்கமுள்ளோர் இதைக் கவனித்து வாங்க வேண்டும். கடைக்காரர் தாமாக எடுத்துச் சொல்லமாட்டார்.

துணியா, தோலா?

மும்பையில் ஜூலை மாதம் ஒன்றில் மட்டும் சராசரியாக 800 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. கொல்கத்தா, கொச்சி, மங்களூரு போன்ற நகரங்களும் மழையில் நனைந்து ஊறுபவையே. ஆகவே பையின் துணியைப் பற்றிப் பேசும்போது, ஈரத்தை முதலில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பயணப் பைகளின் குறிப்பில் 420, 600, 1000 போன்ற எண்களோடு ‘டெனியர்’ என்னும் சொல் காணப்படும். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுவே அதன் டெனியர். எண் கூடினால் நூல் தடிமனானது என்று பொருள்; துணி வலிமையானது என்று மட்டும் அதை வைத்து முடிவு செய்துவிட முடியாது. நைலான் உராய்வை நன்கு தாங்கும். 420 டெனியர் நைலான், 600 டெனியர் பாலியஸ்டரைக் காட்டிலும் நீண்ட நாள் உழைப்பது உண்டு. பாலியஸ்டர் வெயிலில் நிறமும் உறுதியும் குறையாமல் இருப்பதில் நைலானை மிஞ்சும். இருசக்கர வண்டியில் நாளெல்லாம் வெயிலில் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிக்குப் பாலியஸ்டரும், கூட்டத்தில் இடிபட்டுச் செல்லும் அலுவலருக்கு நைலானும் பொருந்தும். பருத்திக் கேன்வாஸ் பார்வைக்கு இனியது. மழையில் நனைந்தால் எடை கூடும்; காய ஒரு நாள் பிடிக்கும்; காயாமல் மடித்து வைத்தால் பூஞ்சை நாற்றம் வரும்.

நீர் புகாமைக்காகத் துணியின் உட்புறத்தில் பாலியூரித்தேன் பூச்சு இடுவது வழக்கம். தோல் போல் தோன்றும் மலிவுப் பைகளிலும் மேற்புறம் பெரும்பாலும் இப்பூச்சுதான். காற்றின் ஈரம் காலப்போக்கில் இதைச் சிதைக்கும். கடற்கரை நகரங்களில் பையை ஒருநாளும் பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும், சில ஆண்டுகளில் பூச்சு பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரிந்து வருவதைப் பலர் கண்டிருப்பர். பொருளின் இயல்பே அப்படிப்பட்டது. ஆகவே அத்தகைய பையை வாங்குவோர், அது இரண்டு மூன்று ஆண்டுகளுக்குரியது என்றெண்ணி அதற்கேற்ற விலையே கொடுக்க வேண்டும்.

உண்மைத் தோல் வேண்டுவோர்க்கு மும்பையில் தாராவி நெடுநாளாகப் பெயர்பெற்ற இடம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்ற தமிழர்கள் அங்குத் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தனர் என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி. பதனிடும் தொழில் பின்னர் அப்பகுதியைவிட்டு நகர்ந்துவிட்டது. பையும் இடைவாரும் தைக்கும் தொழில் நின்றுவிடவில்லை. சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையின் கடைகளில் அவற்றை இன்றும் காணலாம். தோலை ஆராயும்போது மேற்புறத்தைத் தடவிப் பார்ப்பதைக் காட்டிலும், வெட்டப்பட்ட ஓரத்தைப் பார்ப்பதே மேல். ஓரத்தில் நார்நாராகத் தெரிந்தால் தோல். நெய்த துணியின் மீது மெல்லிய படலம் ஒட்டியிருந்தால் ரெக்சின் வகை. தீப்பெட்டியை உரசித் தோலின் மீது காட்டும் கடை வித்தையை நம்பி முடிவெடுக்க வேண்டியதில்லை. தோல் நன்கு பேணினால் பத்தாண்டுகளும் உழைக்கும். மழைக்காலம் நான்கு மாதமும் அதற்கு ஓய்வு கொடுத்து, காற்றோட்டமான துணியுறையில் வைக்கவேண்டும். நெகிழி உறையில் இட்டால் பூஞ்சை பிடிக்கும்.

ஜிப்பும் தையலும்

நல்ல துணியில் தைத்த பை ஜிப் கெட்டதனால் குப்பைக்குப் போவது நாம் அன்றாடம் காணும் காட்சி. ஜிப்பின் ஓட்டுவிசையின், அதாவது கடைத்தெருவில் ‘ரன்னர்’ எனப்படுவதன், பின்புறத்தில் 3, 5, 8 போன்ற ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். மூடிய பற்களின் அகலத்தை மில்லிமீட்டரில் ஏறத்தாழக் காட்டும் எண் அது. முதன்மை அறைக்கு 5-க்குக் குறையாதிருப்பது நலம். வளைந்த வாயில் சுருள் வகை ஜிப் இலகுவாக ஓடும். உலோகப் பல் ஜிப் மிடுக்காக இருக்கும், கடற்காற்றில் கறுக்கும். ரப்பர் போன்ற மேற்பூச்சுள்ள ஜிப் தூறலைத் தடுக்கும். அடைமழையைத் தடுக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. ஆகவே மழைக்காலத்தில் ஆவணங்களை ஒரு நெகிழி உறைக்குள் இட்டே பைக்குள் வைக்க வேண்டும்.

வார், பையோடு சேரும் இரு முனைகளையும் உற்றுப் பார்க்க வேண்டும். சிறு பெட்டி வடிவில் தைத்து, அதனுள் பெருக்கல் குறிபோல் குறுக்கே தைத்திருந்தால் நம்பலாம். ஒற்றைத் தையல் மட்டும் போட்டிருந்தால், விலை எவ்வளவாயினும் வைத்துவிட்டு வரலாம்.

காந்தமும் கதிர்த் தடுப்பும்

வாடிக்கையாளர்கள் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்று: பையின் மூடியிலுள்ள காந்தப் பொத்தான் பற்று அட்டையைக் கெடுத்துவிடுமா? அட்டையின் சில்லைக் காந்தம் ஒன்றும் செய்யாது. பின்புறத்துக் கறுப்புப் பட்டையும் வங்கி அட்டைகளில் பொதுவாக வலிய காந்தத்தன்மை கொண்டதாகவே அமைக்கப்படுகிறது. சாதாரணப் பொத்தான் அதை அழிப்பது அரிது. விடுதி அறைகளுக்குத் தரப்படும் காந்தப்பட்டைச் சாவி அட்டை அவ்வாறன்று. அது எளிதில் அழிந்துவிடும். ஐயம் தீராதவர் ஜிப் அறையில் அட்டையை வைத்துவிட்டால் போதும்.

மற்றொன்று, ‘அலைத் தடுப்பு’ உள்ளது என்று கூறிக் கூடுதல் விலைக்கு விற்கப்படும் பைகள். கருவியின் அருகே காட்டினாலே பணம் செலுத்தும் அட்டைகளின் அலை சில சென்டிமீட்டர் தொலைவே செல்லும். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், பின் எண் இல்லாமல் இவ்வாறு செலுத்தும் தொகைக்கு ஒரு முறைக்கு ரூ.5,000 என்பது உச்சவரம்பு. அதற்கும் அஞ்சுவோர்க்குச் செலவில்லா வழி உண்டு. ரிசர்வ் வங்கி 2020-இல் வகுத்த விதிகளின்படி, இவ்வசதியை அட்டைதாரரே விரும்பிய நேரத்தில் நிறுத்தவும் திறக்கவும் வரம்பைக் குறைக்கவும் வங்கிகள் ஏற்பாடு செய்துள்ளன. கைப்பேசிச் செயலியில் ஒரு நிமிட வேலை. பைக்கு அதற்கென்று கூடுதல் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் நமக்குத் தோன்றவில்லை.

பறிப்போரிடமிருந்து

கூட்டத்தில் திருடுவோர் வேறு. சாலையில் வண்டியில் வந்து பறிப்போர் வேறு. முன்னவர்க்கு எதிராகப் பின்புற அறையும் முன்புறம் அணியும் பழக்கமுமே போதும். பின்னவரால் வரும் ஆபத்து பணத்தோடு முடிவதில்லை. குறுக்காக அணிந்த பையை ஓடும் வண்டியிலிருந்து இழுத்தால், அணிந்தவரும் சேர்ந்து இழுபடுவார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவு பறிப்பைத் தனிக்குற்றமாக வரையறுத்து, மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வகைசெய்கிறது. சட்டம் பின்னர் வரும். விழும் கணத்தில் நம்மைக் காப்பது வாரின் அமைப்பு.

வெட்ட முடியாதபடி உள்ளே எஃகுக் கம்பி வைத்துத் தைத்த வார்கள் பாதுகாப்பின் பெயரால் விற்கப்படுகின்றன. இந்திய நகரச் சாலைகளுக்கு அவற்றை நாம் பரிந்துரைக்கமாட்டோம். ஒரு கையால் அழுத்தினால் கழலும் பக்கிள் உள்ள வாரே மேலானது. பை போகட்டும், முழங்காலும் தலையும் மிஞ்சட்டும். மெட்ரோ நிலையங்களில் பையைக் கழற்றி ஊடுகதிர்ச் சோதனைக் கருவியில் இடும்போதும் இப்பக்கிள் உதவும்.

நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்புறமாக நடப்பது நன்று. அப்போது வண்டிகள் நமக்கு இடப்பக்கம் செல்கின்றன. எனவே பை வலப்பக்க இடுப்பில் இருக்க வேண்டும். ஆட்டோவில் இருபக்கமும் திறப்பு என்பதால், இருக்கையின் நடுவில் மடிமீது வைத்துக்கொள்ளலாம். இருசக்கர வண்டியில் செல்வோர், கூடுதலாகத் தொங்கும் வார்முனையைச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்குவது போலவே இதுவும் சிக்கும்.

எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்கலாமா?

இதுகாறும் பையைத் தேர்ந்தெடுத்தோம். அதற்குள் எதை வைக்கலாகாது என்பது அதனினும் முதன்மையானது. கைப்பேசியும் அட்டையும் ஒன்றாகத் தொலைந்தால், அட்டையை முடக்க அழைப்பதற்கும் கைப்பேசி இல்லை. ஆகவே இரண்டில் ஒன்று உடையிலுள்ள பையில் இருக்கட்டும். ஓர் அட்டையும் இருநூறு ரூபாய்த் தாளும் வேறிடத்தில் தனியே இருந்தால், பை போன நாளிலும் வீடு வந்து சேரலாம். வங்கியின் அவசர உதவி எண்ணையும் குடும்பத்தினர் ஒருவரின் எண்ணையும் சிறு தாளில் எழுதி அதனோடு வைக்கலாம். நெருங்கிய உறவினரின் எண் கூட இன்று நமக்கு மனப்பாடமில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்!

பின் எண்ணை எழுதி அட்டையோடு வைக்கும் பழக்கம் இன்னும் மறையவில்லை. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, நம் அனுமதியின்றி நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுத்தது. வங்கியின் மீதும் நம் மீதும் தவறில்லாது மூன்றாம் தரப்பினரால் இழப்பு நேர்ந்து, மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தால் நமக்குப் பொறுப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலைநாட்களுக்குள் தெரிவித்தால் பொறுப்பு ஒரு வரம்புக்குட்பட்டது. நம் கவனக்குறைவால் நேர்ந்ததாயின், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு முழுவதும் நம்முடையதே. தெரிவித்தபின் ஏற்படுவது வங்கியைச் சேரும். அட்டையையும் பின் எண்ணையும் ஒரே பையில் வைத்துத் தொலைத்தவர், கவனமாக இருந்தேன் என்று வாதிடுவது எளிதன்று. முடக்குவதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வருவதும் இதனால்தான்.

கைப்பேசிக்குத் திரைப்பூட்டு இருந்தாலும், உள்ளிருக்கும் சிம் அட்டையைக் கழற்றி வேறொரு கருவியில் இட்டால் ஒருமுறைக் கடவுச்சொல் அங்கே வந்துவிடும். கைப்பேசியின் அமைப்புகளில் சிம் பூட்டு என்னும் வசதியைத் திறந்து ஒரு பின் எண் வைத்துவிட்டால் இவ்வழி அடைபடும். மூன்று முறை தவறாக இட்டால் சிம் முடங்கும் என்பதால், முதலில் நிறுவனத்தின் தொடக்க எண்ணைக் கேட்டறிந்து செய்ய வேண்டும். *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணை வீட்டுக் குறிப்பேட்டில் இன்றே எழுதி வைக்கலாம். கருவி தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் அளித்து, மாற்றுச் சிம் பெற்று, அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அவ்வெண்ணைக் கொடுத்துக் கருவியையே முடக்க இயலும். கணக்கிலிருந்து பணம் போய்விட்டதாயின், வங்கிக்கும் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். வீட்டுச் சாவியோடு முகவரியுள்ள அடையாள அட்டையும் போயிருந்தால், அன்றிரவே பூட்டை மாற்றுவதும் நாம் தவிர்க்கக்கூடாத செலவு.

பழைய பை

புதிய பை வந்ததும் பழையதை வீட்டு வேலைக்கு உதவுபவர்க்கோ பழைய பொருள் வாங்குபவர்க்கோ கொடுத்துவிடுகிறோம். ஜிப்பின் ரன்னர் மட்டுமே தேய்ந்திருந்தால், ரயில் நிலைய வாயிலில் அமர்ந்திருக்கும் செருப்புத் தைப்பவர் சிறு தொகைக்கு அதை மாற்றித் தருவார்; பை இன்னுமோர் ஆண்டு ஓடும். கொடுப்பதாயினும் உள்துணியின் கிழிசலுக்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்க்கவும். காலாவதியான பற்று அட்டையும் காசோலைக் கிழிதாளும் பணம் செலுத்திய சீட்டும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அட்டை அகப்பட்டால் சில்லின் நடுவே கத்தரிக்கோலைச் செலுத்தி இரண்டாக வெட்டி, துண்டுகளை வெவ்வேறு நாட்களில் குப்பையில் இடவும்.